புயல் வருதுன்னா மாட்டை என்ன செய்யணும்? வேலூர்ப் பக்கம் மாடு வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொன்னையாற்றங்கரையில், காட்பாடி தாலுகாவில் எங்கள் நிலம். நாலு கறவை, இரண்டு கிடேரி, ஒரு எருமை, பதினைந்து வெள்ளாடு. ஐப்பசி பிறந்துவிட்டால் பால் சொசைட்டியில் கேனோடு வரிசையில் நிற்கும்போது ஆளாளுக்கு ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சொன்ன பதில்களையே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்கும் இவை பொருந்தும்.

நம்ம ஊர் கடலோரமே இல்லையே. புயலுக்கு ஏன் பயப்படணும்?

பயப்பட வேண்டியது காற்றுக்கு இல்லை, தண்ணீருக்கு. கடலில் இருந்து நம் பக்கம் வந்து சேர்வதற்குள் காற்று பெரும்பாலும் தளர்ந்துவிடும். மழை அப்படித் தளராது. கிழக்குத் தொடர்ச்சி மலையில் மோதி இன்னும் கொட்டும்.

2020 நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் அது நம் மாவட்டத்தின் மேல் வலுக்குறைந்துதான் வந்தது, ஆனாலும் பொன்னையாறு இரு கரையும் தொட்டு ஓடியது. 2021 நவம்பர் 19 விடியற்காலை சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததற்குப் புயல் என்ற பெயர்கூட இல்லை, வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அதற்குத்தான் பாலாற்றில் அவ்வளவு பெரிய வெள்ளம் வந்தது. 2024 ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது கடலூரிலோ சென்னையிலோ இல்லை, ஊத்தங்கரையில். கடலே பார்க்காத ஊர் அது. பழைய கதை வேண்டுமானால் வாணியம்பாடிக்காரர்களைக் கேளுங்கள். 1903 நவம்பரில் பாலாறு அந்த ஊருக்குள் புகுந்து ஏராளமான உயிர்களைக் கொண்டுபோனதை இன்றும் சொல்வார்கள்.

அதனால் டிவியில் "மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் காற்று" என்று சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை சென்டிமீட்டர் மழை என்பதைக் கேளுங்கள்.

ஆரஞ்சு, ரெட் என்கிறார்களே, அதை எப்படிப் புரிந்துகொள்வது?

வானிலை மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 6.5 செ.மீ. முதல் 11.5 செ.மீ. வரை கனமழை. அதற்கு மேல் 20.4 செ.மீ. வரை மிகக் கனமழை. அதையும் தாண்டினால் அதி கனமழை. ஆரஞ்சு என்றால் தயாராக இரு, ரெட் என்றால் செயலில் இறங்கு என்று பொருள். மாடு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது, ஆரஞ்சு வந்த அன்றே இறங்கிவிடுங்கள். மனிதன் அரை மணியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். ஏழு உருப்படியையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு அப்படிக் கிளம்ப முடியாது.

10 செ.மீ. என்றால் எவ்வளவு என்று தெரிய ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு சென்ட் இடத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் நாலாயிரம் லிட்டர் தண்ணீர். உங்கள் கொட்டகைக் கூரை ஒரு சென்ட் இருந்தால், அந்த நாலாயிரம் லிட்டரும் கூரையில் வழிந்து எந்தப் பக்கம் ஓடும் என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். பாதிக் கொட்டகைகளில் அது மாட்டின் காலடிக்குத்தான் வருகிறது.

இன்னொன்று. நம் ஆறுகளுக்கு நம் ஊரில் மழை பெய்ய வேண்டும் என்ற அவசியமே இல்லை. சித்தூர்ப் பக்கம் கலவகுண்டா அணையைத் திறந்தால் பொன்னையாற்றில் தண்ணீர் வரும். மோர்தானா அணை நிரம்பி வழிந்தால் குடியாத்தத்தில் கவுண்டன்யா ஆறு பெருகும். நம் தலைக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், கீழே ஆறு வந்துவிடும். பாலாற்று மணலில் மாட்டை முளையடித்துக் கட்டிவிட்டு வேலைக்குப் போகும் பழக்கம் நம் பக்கம் ரொம்ப உண்டு. ஆறு வறண்டே கிடப்பதால் வந்த பழக்கம் அது. ஐப்பசி முதல் மார்கழி வரை தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

எத்தனை நாளுக்கு முன்னால் வேலையைத் தொடங்கலாம்?

கொட்டகை, வாய்க்கால், தடுப்பூசி எல்லாம் புரட்டாசியிலேயே முடிந்திருக்க வேண்டும். தீவனம், தண்ணீர், கயிறு, மாட்டை மாற்றும் வேலைக்கு இரண்டு பகல் போதும்.

புயல் நேரத்தில் மாட்டைக் கட்டி வைப்பதா, அவிழ்த்து விடுவதா?

இதுதான் எல்லாரும் கேட்பது, இதற்குத்தான் தவறான பதிலும் அதிகம். அவிழ்த்து விடுங்கள். தண்ணீர் ஏறும் இடம், சுவர் விழக்கூடிய இடம், கூரை பறக்கக்கூடிய இடம், இந்த மூன்றில் எதில் இருந்தாலும் மாடு கட்டுத்தறியில் இருக்கக் கூடாது.

மாடு நன்றாக நீந்தும். எருமையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கழுத்தில் கயிறு இல்லாத மாடு மேட்டைத் தேடி ஏறிவிடும். நான் பார்த்தவரையில் மாட்டைக் கொன்றது வெள்ளமில்லை, முளைக்குச்சியும் கயிறும்தான்.

எங்கள் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2021 நவம்பரில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பார்த்தபோது கீழ்க்கொட்டகையில் முழங்கால் தண்ணீர். முந்தின நாள் மாலை "மழை ஜாஸ்தி, எங்கேயாவது ஓடிவிடப் போகிறது" என்று நானேதான் எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டியிருந்தேன். நைலான் கயிறு. மாடுகள் மிரண்டு இழுத்ததில் முடிச்சு கல் மாதிரி இறுகிப் போயிருந்தது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு நகத்தால் பிரிக்கப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அரிவாள் எங்கே என்று வீட்டுக்கு ஓடி எடுத்து வந்து ஒவ்வொன்றாக அறுத்தோம். பெரியவை எல்லாம் பிழைத்தன. ஓரமாகக் கட்டியிருந்த மூன்று மாதக் கன்றுக்குக் கயிறு குட்டை. தலையைத் தூக்க முடியாமல் அது போய்விட்டது. தாய்ப் பசு நாலு நாள் அந்தக் கட்டுத்தறியைவிட்டு நகரவில்லை.

அன்றிலிருந்து எங்கள் கொட்டகையில் மேல் கம்பத்தில் ஓர் அரிவாள் எப்போதும் செருகியே இருக்கும். வேறு வேலைக்கு அதை யாரும் எடுக்கக் கூடாது.

அவிழ்த்துவிட்டால் ரோட்டுக்கு ஓடிவிடும், கட்டித்தான் ஆக வேண்டும் என்றால்?

சரி, சில இடத்தில் வேறு வழி இருக்காது. அப்போது மூன்று விஷயம் பாருங்கள். மூக்கணாங்கயிற்றில் கட்டாதீர்கள், தலைக்கயிற்றில் கட்டுங்கள். நைலானை விட்டுவிட்டுப் பருத்திக் கயிறு எடுங்கள். படுத்து எழுந்து, தலையை முழுக்க உயர்த்தி நிற்கும் அளவுக்கு நீளம் விடுங்கள்.

முடிச்சு முக்கியம். கடைசிச் சுற்றில் கயிற்று நுனியை முழுதும் உள்ளே இழுத்துவிடாமல், மடித்து ஒரு காது மாதிரி வெளியே விடுங்கள். பாவாடை நாடாவுக்குப் போடுவோமே, அதே முடிச்சு. நுனியை ஒரு இழுப்பு இழுத்தால் பொலபொலவென்று அவிழும். இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் அவிழ்க்க முடிகிறதா என்று வீட்டில் எல்லாரும் ஒரு தரம் செய்து பாருங்கள். எங்கள் வீட்டில் பத்து வயதுப் பையனுக்கும் தெரியும்.

எல்லா மாட்டையும் ஒரே நீளக் கயிற்றில் கோர்த்துக் கட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஒன்று விழுந்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும்.

அவிழ்த்துவிட்ட மாடு காணாமல் போனால் எப்படிக் கண்டுபிடிப்பது?

காது வில்லையில் 12 இலக்க எண் இருக்கும். அதை ஒரு நோட்டில் எழுதி, செல்போனில் படமும் எடுத்து வையுங்கள். முகம், இரண்டு பக்கவாட்டு, வில்லை எண் தெரிகிற மாதிரி ஒன்று. வில்லை விழுந்திருந்தால் மழைக்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ஹரிக்கேன் என்பதும் நம் புயலும் ஒன்றுதான், கடல்தான் வேறு. அங்கே டெக்சாஸ் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் மாடு, குதிரையின் உடம்பிலேயே பெயிண்டால் போன் நம்பரை எழுதிக் கதவைத் திறந்துவிடுவார்கள். நமக்குக் கொம்புக்கு அடிக்கிற பெயிண்ட் தெரியாதா என்ன? விலாவில் பெரிய எழுத்தில் நம்பரை எழுதிவிடுங்கள், மழைக்கும் போகாது. 2021க்குப் பிறகு நான் அதைச் செய்கிறேன்.

எந்தக் கொட்டகையில் வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது?

காங்கிரீட் கூரை, செங்கல் தூண், மேடான தரை இருந்தால் உள்ளேயே கட்டாமல் விடுங்கள். கீற்றுக் கொட்டகை சாய்ந்தாலும் பெரும்பாலும் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது, தூண்கள் நல்லபடி நட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நான் பயப்படுவது இரண்டுக்கு. ஒன்று தகர ஷீட். கொக்கி தளர்ந்த ஷீட் காற்றில் கிளம்பினால் கத்தி மாதிரி வரும். இரண்டாவது மண்சுவர்.

மண்சுவர் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். 2021 நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். மழையில் ஊறிய சுவர் மழை பெய்யும்போதுதான் விழும் என்று இல்லை. விட்ட பிறகும், வெயில் வந்த பிறகும் விழும். பழைய மண்சுவரை ஒட்டி மாட்டையும் கட்டாதீர்கள், ஆளும் படுக்காதீர்கள். "நாற்பது வருஷமா நிக்குது" என்பது அந்தச் சுவருக்கு வயதாகிவிட்டது என்றுதான் அர்த்தம்.

தகர ஷீட்டுக்குக் கொக்கியை முடுக்குங்கள். மேலே மணல் மூட்டையைத் தூக்கி வைப்பதைவிட, கூரையின் மேல் குறுக்கே கயிறு போட்டு இரண்டு முனையிலும் மூட்டையைத் தொங்கவிடுவது நல்லது. சிமெண்ட் ஷீட்டின் மேல் யாரும் ஏறக் கூடாது, உடைந்து உள்ளே விழுந்துவிடுவீர்கள். காற்று முதலில் வடக்கே இருந்துதான் அடிக்கும், வாடை மாதிரி. புயல் நகர நகரத் திசை மாறும். ஆகவே வடக்குப் பக்கம் மட்டும் தார்ப்பாய் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

வேறு இடத்துக்கு ஓட்டிப் போவதென்றால் எங்கே, எப்படி?

மேட்டு நிலம்தான் முதல். பக்கத்தில் மரம், கம்பி, மின்கம்பம் இல்லாத மேடு. புளியமரத்தடி மழைக்கு ஒதுங்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இடி விழுவதும் அங்கேதான், கிளை முறிவதும் அங்கேதான். ஏரிக்கரை மேல் கொண்டுபோய் நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஏரி நிரம்பும் நேரத்தில் கரை பாதுகாப்பான இடமில்லை.

பகலிலேயே ஓட்டுங்கள். மந்தையில் முன்னே போகிற பழக்கம் உள்ள மாடு ஒன்று இருக்கும், அதைப் பிடித்தால் மற்றவை பின்னாலேயே வரும். கன்றைத் தாய்க்கு முன்னே தூக்கிப் போங்கள். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் அந்தப் பக்கமே போக வேண்டாம், கணுக்கால் ஆழம்தானே என்று நினைத்தாலும் சரி. அந்த மேட்டு நிலம் யாருடையதோ அவரிடம் இப்போதே போய்ப் பேசிவிடுங்கள். புயல் நாளில் போய் நின்றால் அவருக்கும் சங்கடம்.

தீவனம் எவ்வளவு எடுத்து வைக்கணும்?

ஐந்து நாளுக்கு. ஒரு மாட்டுக்கு நாளைக்கு ஐந்தாறு கிலோ வைக்கோல் இருந்தால் பால் குறைந்தாலும் உடம்பு தாங்கும். நாலு மாடென்றால் ஐந்து நாளுக்கு நூற்றிருபது கிலோ. இதை வைக்கோல் போரிலேயே விட்டுவைக்காமல் தனியாக எடுத்து, தரையில் படாமல் கட்டையோ பலகையோ போட்டு, வீட்டுக்குள் வையுங்கள். போருக்குத் தார்ப்பாய் போட்டு, சுற்றிக் கயிறு கட்டி, கயிற்று நுனியில் கல்லைத் தொங்கவிடுங்கள். போரைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் பறித்துவிடுங்கள்.

நனைந்த வைக்கோலை என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வெறுமனே நனைந்ததென்றால் பரப்பி உலர்த்திப் போடலாம். பூஞ்சை வாடை, கறுப்பு, வெள்ளைப் பொடி தெரிந்தால் குப்பைக்குத்தான். சினை மாட்டுக்கு அதைக் கண்டிப்பாகக் காட்டாதீர்கள், சினை கலையலாம். மணிலா, அதாவது வேர்க்கடலைப் புண்ணாக்கும் அப்படியே. நம் பக்கத்தில் அது இல்லாத வீடு இல்லை. ஈரத்தில் பச்சையாகப் பூத்த புண்ணாக்கில் இருக்கும் நஞ்சு மாட்டின் ஈரலையும் கெடுக்கும், பாலிலும் இறங்கும். கழுவினாலும் வெயிலில் காயவைத்தாலும் போகாது. விலை பார்க்காமல் கொட்டிவிடுங்கள். மணிலாக் கொடியைச் செடி பிடுங்கியதும் ஈரத்தோடு போர் போட்டிருந்தால் அதையும் பிரித்துப் பாருங்கள்.

தீவனம் தீர்ந்துபோனால் ரேஷன் அரிசியைக் கஞ்சியாக, சோறாக வைப்பதும் உண்டு. பாவம் பார்த்துச் செய்வதுதான், ஆனால் பழக்கமில்லாத மாடு ஒரே நேரத்தில் வயிறு முட்ட அரிசி தின்றால் வயிற்றில் அமிலம் ஏறிச் செத்துப்போகும். வைக்கோலும் தண்ணீரும் மட்டும் போதும், நாலு நாள் தாங்கும்.

கரண்ட் போய்விட்டால் தண்ணீருக்கு என்ன செய்வது?

கரண்ட் போவது உறுதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கறவை மாட்டுக்கு நாளைக்கு 60 லிட்டர் வரை வேண்டும். நாலு மாட்டுக்கு மூன்று நாளுக்கு 720 லிட்டர், ஆக ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் ஒன்று நிரம்பியிருந்தால் போதும். நிரம்பிய டேங்க் காற்றிலும் அசையாது. காலி டேங்க்தான் பறக்கும்.

கொட்டகையில் தொங்கும் ஒயரை எல்லாம் புயலுக்கு முன்பே கழற்றிவிடுங்கள், மெயினை அணைத்துவிடுங்கள். மோட்டார் ஸ்டார்ட்டரை உயரே மாட்டுங்கள். தரையில் விழுந்த மின்கம்பி பக்கம் மாடு போனால் மனிதனைவிட அதற்கு ஆபத்து அதிகம். முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே நீளம் கூட என்பதால் தரையிலேயே ஷாக் அடிக்கும். விழுந்த மாட்டைத் தூக்கப் போய் ஆளும் சேர்ந்து விழுந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, கம்பி விழுந்தால் முதலில் அதற்கு அடியுங்கள்.

பால் வண்டி வரவில்லை என்றால் கறந்த பாலை என்ன செய்ய?

கறக்காமல் மட்டும் விடாதீர்கள். மடி கட்டிக்கொண்டால் மடிநோய் வரும், ஒரு நாள் பால் போனதைவிட அது பெரிய நஷ்டம். மெஷினில் கறந்து பழகிய மாட்டை மழைக்காலத்தில் வாரம் இரண்டு முறையாவது கையால் கறந்து பழக்கி வையுங்கள். பாலைக் காய்ச்சித் தயிராக்கி, கடைந்து, நெய்யாக உருக்கிவிடலாம். அக்கம்பக்கத்தில் குழந்தை இருக்கிற வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள், அந்த நேரத்தில் அவர்களுக்குப் பாக்கெட் பாலும் வந்திருக்காது.

கன்று போடும் தறுவாயில் ஒரு மாடு இருக்கிறது. என்ன செய்யட்டும்?

அதைக் கடைசியில் ஓட்டலாம் என்று வைக்காதீர்கள், முதலில் ஓட்டுங்கள். காய்ந்த, வழுக்காத தரை கொடுங்கள், அடியில் உலர்ந்த வைக்கோல் போடுங்கள். சுத்தமான துணி, நூல், கொப்பூழுக்கு டிங்சர் அயோடின் மூன்றையும் ஒரு பாலித்தீன் பையில் கட்டி வையுங்கள். பிறந்த கன்றை உடனே துடைத்துச் சூடாக வைத்து, அரை மணி ஒரு மணிக்குள் சீம்பால் கொடுங்கள். குளிரில் நடுங்கும் கன்றுதான் முதலில் போகும். சிக்கல் என்றால் 1962க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். ரோடு போகும் நிலையில் இருக்கும்போதே கூப்பிடுங்கள்.

ஆடு, கோழிக்கு?

வெள்ளாட்டுக்கு மழை ஆகாது, செம்மறிக்கு வெள்ளம் ஆகாது. நனைந்த ரோமம் கனத்து இழுத்துவிடும். இரண்டையும் முன்கூட்டியே மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள், பட்டிக்குத் தரையில் இருந்து உயரமாக மூங்கில் பரண் போட்டால் போதும். கோழியைக் கூடையில் போட்டு வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசி இப்போது போட்டால் பலன் உண்டா?

ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் போல ஆகும். அதனால் புயலுக்கு முந்தின நாள் போடுவது இந்தப் புயலுக்கு உதவாது. தொண்டை அடைப்பான், சப்பை நோய், கோமாரி இவற்றுக்கு மழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி. இவற்றில் பல ஊசி மருந்துகள் தயாராகும் இடமே ராணிப்பேட்டையில் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது, நம் மாட்டுக்குப் போடாமல் விட்டால் மனசு கேட்குமா? குடற்புழு மருந்தும் அதோடு கொடுத்துவிடுங்கள்.

நிலத்தில், கிடங்கில் என்ன பார்க்கணும்?

யூரியா மூட்டையைத் தரையில் விடாதீர்கள். மூட்டை கரைந்த தண்ணீரை மாடு உப்பென்று குடிக்கும், சில மணி நேரத்தில் போய்விடும். பூச்சிமருந்தும் அப்படியே, எல்லாம் பரணுக்கு. வாழைக்கு முட்டுக் கொடுங்கள், தென்னையில் முற்றிய காயை இறக்குங்கள், நெல் வயலில் வடிகால் வாயைத் திறந்துவிடுங்கள். கொட்டகை மேல் சாய்ந்திருக்கும் முருங்கையை வெட்டிவிடுங்கள், அது முறிய பெரிய காற்று தேவையில்லை.

மழை விட்டுவிட்டது. இனி என்ன கவனிக்கணும்?

உடனே மேய்ச்சலுக்கு விடாதீர்கள். சேற்றில் புதைந்த புல்லில் கிருமியும், நீரில் வந்த மருந்தும், கம்பியும், கண்ணாடியும் இருக்கும். வயிற்று உப்புசமும் வரும். புல்லை அறுத்து, அலசி, வாடவைத்துப் போடுங்கள். கிணறு, தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுங்கள். கொட்டகையில் சாணியை வாரி, சுண்ணாம்புத் தூள் தூவுங்கள். வைக்கோலுக்கு அடியில் கை விடும் முன் குச்சியால் தட்டுங்கள், வெள்ளத்தில் பாம்பு ஏறி ஒதுங்குவது அங்கேதான். காலில் வெட்டுக்காயத்தோடு மாட்டு மூத்திரம் கலந்த சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம், பூட்ஸ் போடுங்கள்.

குளம்பைத் தினம் தூக்கிப் பாருங்கள். இடுக்கில் புண், நாற்றம் இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் மயில்துத்தம் கலந்து காலை நனைக்கலாம். ஆனால் அந்தத் தண்ணீரை எதுவும் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், செம்மறிக்கு அது கொடிய விஷம்.

மடி சூடாக, வீங்கி, பால் திரிந்து வந்தால் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்துக்கொள்ளுங்கள். மடியில் உள்ளதைச் சுத்தமாகக் கறந்து, கழுவி, அந்த விழுதில் கொஞ்சம் எடுத்து நீர் கலந்து நாளைக்குப் பத்து முறை பூசுங்கள், ஐந்து நாள். கால்நடைப் பல்கலைக்கழகமே சொல்லித்தரும் முறை இது. எங்கள் வீட்டில் ஆரம்பத்திலேயே செய்தால் கேட்கிறது. மாடு தீனி எடுக்காமல் காய்ச்சலோடு இருந்தால் டாக்டருக்குக் காத்திருக்க வேண்டாம், போய் அழைத்து வாருங்கள்.

மாடு இறந்துவிட்டால்?

முதலில் புதைத்துவிடாதீர்கள், அழுகை ஒரு பக்கம் இருந்தாலும். காது வில்லையோடு போட்டோ எடுங்கள், கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லுங்கள், பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்குங்கள். வெட்டி எடுத்த காது வில்லையைத் தொலைக்காதீர்கள், இன்சூரன்ஸுக்கு அது வேண்டும். ஃபெஞ்சல் புயலுக்கு மாநில அரசு பசு, எருமைக்கு ₹37,500, ஆட்டுக்கு ₹4,000, கோழிக்கு ₹100 என்று நிவாரணம் அறிவித்தது. ஒவ்வொரு பேரிடருக்கும் ஆணை தனியாக வரும், தாலுகா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூக்கிலோ ஆசனவாயிலோ கறுத்த, உறையாத ரத்தம் வந்து செத்திருந்தால் அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். அதைத் தொடாதீர்கள், தோலை உரிக்கவோ அறுக்கவோ விடாதீர்கள். அது மனிதனுக்கும் வரும். புதைக்கும்போது ஆறடி ஆழம், சுண்ணாம்பு போட்டு, கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி.

நான் தனியாக இருக்கிறேன். வீட்டுக்காரர் பெங்களூரில் வேலை. இரண்டு மாடு. ராத்திரி தண்ணீர் வந்தால் என்ன செய்வேன்?

குடியாத்தம் பக்கத்தில் இருந்து ஒரு தங்கை கேட்ட கேள்வி இது. அவருக்குச் சொன்னதையே எழுதுகிறேன்.

இருட்டும் முன்னால் இரண்டு மாட்டையும் மேட்டில் இருக்கும் தெரிந்தவர் வீட்டுக்கு ஓட்டிவிடும்மா. உன் மகளிர் குழுவில் யார் வீடு மேட்டில் இருக்கிறது என்று இப்போதே கேட்டு வை. ஓட்ட முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்து, கொட்டகைத் தட்டியைத் திறந்து வைத்துவிட்டு நீ பிள்ளைகளோடு கிளம்பிவிடு. ராத்திரி மாட்டின் கத்தல் கேட்டாலும் தண்ணீருக்குள் இறங்காதே. கயிறு இல்லாத மாடு தன்னைப் பார்த்துக்கொள்ளும். 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, அந்த எண்ணைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்து கொடு. விடிந்ததும் தவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் போய், தினமும் தண்ணீர் காட்டும்போது கூப்பிடுவாயே, அதே குரலில் கூப்பிடு.